திரட்டு சொன்ன மருந்து

ஞானதிரவியத்தின் சுண்டுவிரலை ஒடித்த சற்று நேரத்தில் திரட்டு தன் பதிலை மாற்றிக்கொண்டது.

அதுவரை அது 'வேண்டாம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. ஈரல் காய்ச்சல், மூன்றாம் நிலை, நாற்பது வயது லாரி ஓட்டுநர். ரத்தம் அலசும் மெஷினால் இவருக்குப் பயன் இல்லை, வேண்டாம். ஓட்டுநரின் மச்சினன்மார் இரண்டு பேர் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவை உதைத்துத் திறந்தார்கள். பணியில் இருந்த டாக்டர் ஞானதிரவியத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்தி, ஒருத்தன் கழுத்தைப் பிடிக்க, மற்றவன் விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. போலீஸ் இழுத்துக்கொண்டு போகும்போதே மூத்தவன் தன் தங்கையைத் திரும்பிப் பார்த்து, அழாதே, இனி மாப்பிள்ளை பிழைத்துக்கொள்வார் என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னபடியே ஆயிற்று. மெஷினின் பூட்டு தானாகத் திறந்துகொண்டது.

திரட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். உலகத்தின் எந்த மூலையில் எந்த மருந்தை எவருக்குக் கொடுத்துச் சோதித்தாலும் அந்த முடிவு அன்றைக்கே திரட்டுக்குள் போய்விடும். ஒரு ஆராய்ச்சி ஒன்று சொல்லும், அடுத்தது நேர்மாறாகச் சொல்லும். பெரியது, சிறியது, ஒழுங்காகச் செய்தது, ஒப்புக்குச் செய்தது எல்லாவற்றையும் எடைபோட்டுக் கலந்து, கடைசியில் ஒரே பதிலாகத் திரட்டித் தரும் இயந்திரம் அது. போதாதென்று அரசு ஆஸ்பத்திரிகளில் படுத்திருக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன நடந்தது, பிழைத்தாரா செத்தாரா என்பதும் உள்ளே போயிற்று. முன்பெல்லாம் டாக்டர்கள் அதன் பதிலைக் கேட்டுக்கொண்டு தங்கள் புத்தியையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் புத்தியால்தான் குழப்பமே என்று மேலிடத்தில் முடிவாகி, அருமையான மெஷின்களுக்கெல்லாம் பூட்டுப் போட்டு, சாவியைத் திரட்டின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். அது 'ஆம்' என்றால் திறக்கும். 'வேண்டாம்' என்றால் சாமியே நேரில் வந்து தட்டினாலும் திறக்காது.

தெற்குச் சீமையின் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் திரட்டுப் பிரிவுக்குத் தலைவி டாக்டர் செண்பகவல்லி. ஐம்பதை நெருங்குகிறவள். ஞானதிரவியத்தின் விரலுக்குக் கட்டுப் போடும்போது அவள்தான் பக்கத்தில் இருந்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிக்கக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, அதைச் சொன்னான்.

"அடி விழுந்தா பதில் மாறுது மேடம். இது மொதத் தடவ இல்ல. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

செண்பகவல்லி சிரிக்கவில்லை. அவளுடைய இடது காது கேட்காது. நான்கு வருஷத்துக்கு முன்னால், இறந்துபோன ஒரு பையனின் சித்தப்பா ஹெல்மெட்டால் அடித்ததில் போனது அது. காது போனதைவிட அவளைச் சுட்டது வேறொன்று. அவளை அடித்தது எந்தப் பதிவிலும் ஏறவில்லை. 'நோயாளி இறந்தார்' என்பதோடு அந்த நாள் முடிந்துவிட்டது. டாக்டரின் காதைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இல்லை. அந்தக் கோபத்தில்தான் அவள் வார்டை விட்டுத் திரட்டுப் பிரிவுக்கு மாறினாள். சென்னை வரைக்கும் போய்ச் சண்டை போட்டாள். நோயாளிக்கு ஊசி போட்டால் பதிகிறீர்கள், உப்புத் தண்ணீர் ஏற்றினால் பதிகிறீர்கள், அந்த நோயாளியின் ஆட்கள் எங்கள் மண்டையை உடைத்தால் மட்டும் ஏன் பதியக் கூடாது என்று மேசையைத் தட்டினாள். அவள் தொல்லை தாங்காமல் ஒப்புக்கொண்டார்கள். நோயாளி உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகிறவரை நடக்கிற எல்லாவற்றோடும் சேர்த்து, விழுந்த அடியும் திரட்டுக்குள் போக ஆரம்பித்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாலை போட்டார்கள்.

ஞானதிரவியம் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் அவனைக் கூப்பிட்டு அனுப்பியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மெஷின் மட்டும் கொடுத்தா பயன் இல்லங்குது. டாக்டர அடிச்ச பொறவு மெஷின் கொடுத்தா நல்ல பயன்ங்குது" என்றாள்.

"அடிக்கும் ஈரலுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்ல. பூட்டு வாரதுக்கு முன்னால உங்களயும் அடிச்சாங்கல்லா? அடி வாங்குன ஒடனே என்ன செஞ்சீங்க?"

"பயந்துபோய் அந்த நிமிஷமே மெஷின்ல போட்டோம்."

"எந்த நேரத்துல போட்டதா எழுதுனீங்க?"

பதிலை அவள் அறிவாள். நோயாளி நான்காம் நிலைக்குப் போன பிறகுதான் மெஷினில் போட வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அதற்கு முந்திப் போட்டால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அதனால் அடிக்குப் பயந்து சீக்கிரமே போட்ட டாக்டர்கள் எல்லோரும், நிலை முற்றிய பிறகு போட்டதாக நேரத்தைத் தள்ளி எழுதிவிடுவார்கள். நல்லதைச் செய்துவிட்டுப் பொய்யை எழுதுவது அரசாங்க ஆஸ்பத்திரியில் அத்தனை பேருக்கும் கைவந்த கலை. அதைத் தப்பு என்று நினைக்கவே மறந்துபோயிருந்தார்கள்.

"சீக்கிரம் போட்டதாலதான் அவங்க பொழைச்சாங்க, ஞானம்" என்றாள் செண்பகவல்லி. "அந்த சீக்கிரம் எங்கயும் இல்ல. எல்லாரும் லேட்டாப் போட்டதாத்தான் எழுதியிருக்கு. அதுல பாதிப் பேர் செத்தான், பாதிப் பேர் பொழைச்சான். பொழைச்சவன் எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. டாக்டர் அடி வாங்கியிருக்காரு. அது என்ன நெனைக்கும்? அடிதான் மருந்துன்னு நெனைக்குது."

அந்த அடியை உள்ளே போட்டது யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சென்னையில் திரட்டை நிர்வகிக்கும் இயக்குநர் பரந்தாமனிடம் பேசினாள். அவர் பொறுமைசாலி, மரியாதைக்காரர், எதிராளியை முழுவதும் பேசவிட்டுக் கேட்கிறவர். நேரத்தைப் பொய்யாக எழுதினோம் என்று டாக்டர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பழையதை நீக்கிவிட்டுத் திரட்டைத் திருத்திவிடலாம் என்றார். பொய்ப் பதிவு எழுதினால் டாக்டர் பட்டம் போய்விடும் என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செண்பகவல்லி பழைய டாக்டர்கள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். ஞானதிரவியம் ஒருத்தன்தான் முன்வந்தான். மற்றவர்களுக்குப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தன, வீடு பாதியில் நின்றது. ஒரு கையெழுத்தை வைத்து உலகத்தைத் திருத்த முடியாது என்று பரந்தாமன் வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு உண்மையையும் சொன்னார்.

"சரி, திருத்திட்டோம்னே வைங்க. மூணாம் நிலை எல்லாருக்கும் சீக்கிரமே மெஷின் கொடுன்னு சொல்லும். மெஷினுக்கு எங்கம்மா போறது? இப்ப யாருக்குக் கொடுக்கணும்னு அதுவே ஒரு வழி சொல்லுது. சாவும் முன்னைவிடக் குறைஞ்சுதான் இருக்கு. அப்படியே விட்டுடுங்க."

விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் விடவில்லை. இந்த மாதிரி ரகசியம் எத்தனை நாள் தங்கும்? லாரி ஓட்டுநர் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனதும் செய்தி நாலா பக்கமும் பரவிவிட்டது.

முதலில் அது ஒரு விளையாட்டைப் போலத்தான் இருந்தது, அந்தக் கேவலத்தையும் சொல்லத்தானே வேண்டும். மெஷின் கேட்டு வருகிற ஏழைகளைப் பார்த்து மனம் இரங்கி, வார்டு ஊழியர் சங்கரலிங்கம் தானே கன்னத்தைக் காட்டி நிற்பார். சும்மா ஒண்ணு போடுங்க தாயி, கூச்சப்படாதீங்க என்பார். அந்த அம்மாக்கள் அழுதுகொண்டே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவரை அறைவார்கள். கட்டிலுக்கு மேலே இருக்கும் கேமரா அதைப் பார்க்கும். பூட்டுத் திறக்கும். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. சங்கரலிங்கம் வீங்கிய கன்னத்தோடு காப்பி குடிப்பதைப் பார்த்து நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

பிறகு அறைக்குத் திறப்பது நின்றுபோனது. ஒப்புக்கு விழுந்த அறைகள் பெருகப் பெருக, அவற்றில் பலனைத் திரட்டு காணவில்லை. மூன்றாம் நிலையைத் தாண்டியவர்களுக்காகவும் மக்கள் அறைந்தார்கள், அவர்கள் செத்தார்கள். ஆகவே அறை என்பது வேலை செய்யாத மருந்து என்று அது முடிவு கட்டிற்று. நடிப்பையும் நிஜத்தையும் கேமரா பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டது. மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். ரத்தம் வந்தால் திறந்தது. பிறகு ரத்தம் போதவில்லை, எலும்பு கேட்டது.

அந்த மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி கசாப்புக் கடையாகத்தான் கிடந்தது. சங்கரலிங்கத்துக்கு முன்பல் இரண்டு போயிற்று. ரெஜினா சிஸ்டரின் வலது கண்ணில் ஒரு கல்லூரி மாணவன் உடைந்த ஊசிக் குப்பியைச் செருகினான், அவனுடைய அம்மா பிழைத்தாள். எலும்பு மருத்துவர் ஒருவரை மாடிப்படியிலிருந்து உருட்டிவிட்டார்கள். தங்களால் அடிக்க முடியாத குடும்பங்களுக்கு அடித்துக் கொடுக்க வாசலில் ஆட்கள் நின்றார்கள். சித்தப்பா முறை, மாமா முறை என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து காரியத்தை முடித்துவிட்டு ஜெயிலுக்குப் போவார்கள். சொந்தம் இல்லாதவர்களின் அடியைத் திரட்டு ஏற்காது என்பது தெரிந்ததும் அவர்களும் ஒழிந்தார்கள். ரத்த சம்பந்தம் உள்ளவன்தான் அடிக்க வேண்டும். ஊழியர்கள் கூட்டமாகத்தான் நடமாடினார்கள். நோயாளியோடு வருகிறவர்களைப் பார்த்தாலே அவர்களுக்குக் கண் சிவந்தது. இரக்கப்பட்ட மனுஷர்கள்தான் அத்தனை பேரும். அடி வாங்கி வாங்கி அந்த இரக்கம் வற்றிப்போனது.

அப்படி ஒரு நாளில்தான் கொம்பையா தன் மகளைக் கொண்டுவந்து சேர்த்தார்.

கொம்பையா டவுன் பஸ் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிற பயல்களைக்கூட, உள்ள வாங்க தம்பி, விழுந்துருவிய என்று கெஞ்சுகிற கண்டக்டர். பெண்சாதி இறந்து வெகுகாலம் ஆயிற்று. கூடப் பிறந்தவர்களும் இல்லை. மகள் பிரமசக்தி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். மஞ்சள் பூத்த கண்ணோடு, நினைவு போய்ப்போய் வந்துகொண்டிருந்தாள். ஈரல் காய்ச்சல், மூன்றாம் நிலைக்கு அப்போதுதான் வந்திருந்தது. சீக்கிரம் மெஷினில் போட்டால் பிழைத்துக்கொள்வாள் என்பது செண்பகவல்லிக்குப் பார்த்த உடனே தெரிந்தது. திரட்டு, வேண்டாம் என்றது.

கொம்பையா யாரையும் திட்டவில்லை. வராந்தாவில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, யாராவது வெள்ளைக் கோட்டு கடந்துபோனால் எழுந்து நின்றார். அடிச்சாத்தான் ஆகும், உனக்குத் தெரியாதா என்று பக்கத்து ஆட்கள் அவரை உசுப்பிவிட்டார்கள். ஒரு தடவை கையை ஓங்கிக்கொண்டு ஞானதிரவியத்தின் முன்னால் போய் நின்றார். ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே அவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

செண்பகவல்லி அதைப் பார்த்தாள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கேமரா இல்லாத துணி அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். அலமாரிகளில் வெளுத்த போர்வைகள் அடுக்கியிருந்தன. நடுவில் துணி ஏற்றும் இரும்புத் தள்ளுவண்டி நின்றது.

"அண்ணாச்சி, என்னய அடிங்க."

கொம்பையா மிரண்டுபோய்ப் பார்த்தார்.

"இங்க யாரும் இல்ல. கேமராவும் இல்ல. காயம் நெசமா இருந்து, நீங்க அடிச்சதாப் பதிஞ்சா போதும். எலும்பு ஒடையணும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நானாத்தான கேக்கேன்? சாயங்காலம் வரைக்கும்தான் நேரம் இருக்கு, அதுக்கப்புறம் மெஷின்ல போட்டும் பிரயோஜனம் இல்ல."

"எனக்கு முடியாது டாக்டரம்மா."

"ஒங்க மக செத்துருவா."

அவர் தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது. "நான் அடிச்சது இல்லம்மா. எம்புள்ளயக்கூட ஒரு நாளும் அடிச்சது இல்ல. ஒங்க முகத்தப் பாத்துக்கிட்டு எப்படி அடிப்பேன்? வேற என்ன வேணும்னாலும் சொல்லுங்க, செய்யுதேன்" என்றார்.

செண்பகவல்லி அவரை ஒரு கணம் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் அந்த மாதிரி ஒரு ஆளைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. இந்த மனுஷனுடைய பிள்ளைதான் சாக வேண்டுமா? அடிக்கத் தெரியாதவன் பெற்றதெல்லாம் மண்ணுக்குப் போகட்டும் என்றுதானே திரட்டு சொல்கிறது? அதற்கு அடியைக் கற்றுக்கொடுத்ததே அவள்தானே?

"அப்ப ஒண்ணு மட்டும் செய்யுங்க. யாரு கேட்டாலும் நீங்கதான் அடிச்சேன்னு சொல்லணும். என்ன ஆனாலும் மாத்திச் சொல்லக் கூடாது. மாத்துனா பூட்டு மூடிக்கிடும்" என்றாள்.

அவர் என்னவென்று புரிந்துகொள்வதற்குள் அவள் வண்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முழு பலத்தோடு முகத்தை அதில் மோதினாள். முதல் மோதலில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் தாடை எலும்பு நொறுங்கியது, சத்தம் அவளுடைய கேட்காத காதுக்குள்ளேயே கேட்டது. வெள்ளைப் போர்வைகள்மேல் ரத்தம் தெறித்தது. கொம்பையா, ஐயோ அம்மா என்று பாய்ந்து வந்து அவளைத் தாங்கிப் பிடித்தார். கதவைத் திறந்த நர்ஸ் பார்த்தது அதைத்தான். ரத்தத்தில் நனைந்த டாக்டர், அவள் தோளைப் பிடித்திருக்கும் ஒரு ஆம்பிளை.

வாய்க்குள் பற்கள் மிதக்க, செண்பகவல்லி விரலை நீட்டி அவரைக் காட்டினாள். இவர்தான் என்று காட்டினாள். கொம்பையா அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு, "ஆமா, நாந்தான் அடிச்சேன்" என்றார்.

பூட்டுத் திறந்தது. பிரமசக்தியின் கழுத்து நரம்பில் குழாய் செருகி, ரத்தம் மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகித் திரும்ப ஆரம்பித்தது. அலசல் ஒரு தடவையில் முடிகிற காரியம் இல்லை, நாலைந்து நாள் விட்டுவிட்டு ஓட வேண்டும். அந்தச் செய்தியை ஞானதிரவியம் வந்து சொன்னபோது செண்பகவல்லி சின்ன ஆபரேஷன் அறையின் மேசைமேல் மல்லாந்து கிடந்தாள். தாடையைக் கம்பி வைத்துக் கட்ட வேண்டும் என்று பல் மருத்துவர் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவளுக்கு வலியையும் மீறி ஒரு நிம்மதி வந்தது. அது வந்த மாதிரியே போயிற்று. வராந்தாவில் சத்தம் கேட்டது.

எங்க செண்பகாம்மாவையா அடிச்ச என்று சங்கரலிங்கத்தின் குரல். இல்லாத பற்களுக்கு நடுவே காற்றாய் வந்தது அது. போலீஸ் வருவதற்குள் ஊழியர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மழைக்காலம் முழுக்க வாங்கிய அடி அத்தனைக்கும் அவர்களுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டான். திருப்பி அடிக்காத ஆளாகவும் இருந்தான். படிக்கட்டுக்குக் கீழே கொம்பையாவைத் தள்ளி, வயிற்றிலும் விலாவிலும் மிதித்தார்கள். அடிச்சியா, அடிச்சியா என்று கேட்டுக் கேட்டு மிதித்தார்கள். ஆமாய்யா, அடிச்சேன் என்று அவர் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார். இல்லை என்று ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட யாராவது ஒருத்தன் காலைப் பின்னுக்கு எடுத்திருப்பானோ என்னவோ. யாரோ ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் இரும்புச் சாவியைக் கொண்டுவந்தார்கள்.

எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நடந்தது. செண்பகவல்லிக்கு நல்ல காது ஒன்று இருந்தது, அதில் எல்லாம் விழுந்தது. எழுந்துபோய்க் கையை விரித்து நின்றால் போதும், நிறுத்தியிருப்பார்கள். இல்லை, இவர் அடிக்கவில்லை என்று தலையை ஆட்டினால் போதும். ஆட்டியிருந்தால் அந்த நிமிஷமே மெஷின் நின்று, அந்தப் பெண்ணின் ரத்தம் பாதிக் குழாயிலேயே உறைந்திருக்கும். அவள் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படுத்தே கிடந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக அவள் தன்னை ஒருபோதும் உணர்ந்ததில்லை. ஞானதிரவியம்தான் ஓடிப்போய்க் கூட்டத்துக்குள் புகுந்து, கோணலாய்க் கூடியிருந்த விரலோடு அவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அதற்குள் இரும்புச் சாவி மண்டையில் இறங்கியிருந்தது.

ஆறாம் நாள் காலையில் பிரமசக்தி முழுத் தெளிவோடு கண்ணைத் திறந்தாள்.

கண்ணின் மஞ்சள் வடிந்திருந்தது. தலையைத் திருப்பியபோது அடுத்த கட்டிலில் அவளுடைய அப்பா கிடந்தார். மண்டையைச் சுற்றிக் கட்டு. முகம் அடையாளம் தெரியாமல் கறுத்து வீங்கியிருந்தது. வாயில் குழாய். குழாயின் மறுமுனையில் ஒரு ரப்பர் பை. அந்தப் பையை டாக்டர் ஒருவர் கையால் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தார். அமுக்கினால் அப்பாவின் நெஞ்சு எழுந்தது, விட்டால் தணிந்தது. பக்கத்திலேயே சுவாச மெஷின் சும்மா நின்றது. அதன் பூட்டின்மேல் சிவப்பு வெளிச்சம்.

விடியற்காலையில்தான் கொம்பையாவுக்கு மூச்சு நின்றது. மண்டைக்குள் வீக்கம், வற்றிவிட்டால் பிழைக்க வழி உண்டு. திரட்டு, வேண்டாம் என்றது. இதற்குள் எல்லா மெஷினுக்கும் அது அடியையே கேட்கப் பழகியிருந்தது. மூச்சு நின்றதிலிருந்து ஞானதிரவியம்தான் அமுக்கிக்கொண்டிருந்தான். அன்றைக் கூட்டத்தில் மறுபடி ஒடிந்து கட்டுப் போட்ட விரல் ஊதி வெடித்துவிடும்போல் இருந்தது. கை மாற்ற ஒருத்தரும் வரவில்லை. செண்பகாம்மாவின் தாடையை உடைத்தவனுக்கு மூச்சு எதற்கு என்று ஊழியர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். அவன் சோர்ந்து கையை எடுக்கிறவரைக்கும்தான் கொம்பையாவின் உயிர்.

செண்பகவல்லி உள்ளே வந்தாள். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்ததால் வாயைத் திறக்க முடியாது. இரவெல்லாம் யோசித்தும் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. அவள் மறுபடி தன்னை உடைத்துக்கொண்டாலும் பிரயோஜனம் இல்லை. கொம்பையாவுக்காக அடிக்க உரிமையுள்ள ரத்த சொந்தம் உலகத்தில் ஒரே ஒருத்திதான். அவளோ நிற்கத் தெம்பில்லாமல் கட்டிலில் கிடக்கிறாள்.

பிரமசக்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். வீங்கிய முகத்தையும் கம்பியையும் பார்த்தாள். நர்ஸுகள் பேசிக்கொண்டது அரைகுறையாக அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"எங்கப்பா ஒங்கள அடிச்சிட்டாருன்னு சொல்லுதாவ" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "எங்கப்பா ஒரு ஈ எறும்பக்கூட அடிக்க மாட்டாரு. நீங்க சொல்லுங்க. அடிச்சாரா?"

அலசல் விடிகிற நேரத்தில்தான் முடிந்திருந்தது. இனி இந்தப் பெண்ணுக்கு மெஷின் தேவையில்லை. உண்மையைச் சொன்னாலும் இனி நின்றுபோவதற்கு ஒன்றும் இல்லை. செண்பகவல்லி, இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப எதுக்கு அவர இப்படி அடிச்சுப் போட்டுருக்காவ? அவர் அடிக்கலன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும் என்று தலையாட்டினாள்.

"சொல்லலியா நீங்க?"

இல்லை.

"அவர அடிக்கும்போது பாத்துக்கிட்டா இருந்திய?"

செண்பகவல்லி தன் நல்ல காதைத் தொட்டுக் காட்டினாள். கேட்டுக்கொண்டிருந்தேன் என்று காட்டினாள். அதன் காரணத்தை அவள் சைகையில் விளக்கியிருக்கலாம். உன் ரத்தம் மெஷினில் இருந்தது, உனக்காகத்தான் என்று கட்டிலையும் மெஷினையும் காட்டியிருக்கலாம். அவள் காட்டவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணில் எழுந்துவருவதை அணைத்துவிடக் கூடாது என்று கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

பிரமசக்தி அப்பாவைப் பார்த்தாள். சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தாள். கட்டிலுக்கு மேலே இருந்த கேமராவையும் நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஊரில் இதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஞானதிரவியம் பையை அமுக்குவதை நிறுத்தாமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் கட்டிலிலிருந்து காலை இறக்கினாள். பக்கத்தில் இருந்த சலைன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிறகு அதில் தொங்கிய பாட்டிலைக் கழற்றிக் கட்டில்மேல் போட்டுவிட்டு, இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் தூக்கினாள். நடித்தால் திறக்காது என்பது ஊருக்கே தெரியும். நடிக்க வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கம்பியைத் தலைக்குமேல் ஓங்கப் பார்த்தாள். ஆறு நாள் படுக்கையில் கிடந்த உடம்பு, தோளுக்குமேல் கை எழவில்லை.

செண்பகவல்லி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஒரு அடி முன்னால் வந்து, அவளுக்கு எட்டுகிற மாதிரி தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.